அண்ணி வாங்கிய சின்ன ஊசி

இடுப்பில் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு அன்று சாயங்காலமே ஒரு கால் விளங்காமல் போய்விட்டதாம். ஊசி அத்தனை நீளமாம். உள்ளே போய் எலும்பில் முட்டி, அந்தப் பக்கமாக ஓடுகிற நரம்பைக் குத்திவிட்டதாம். இதை என் அண்ணியிடம் சொன்னவள் பிள்ளைக்குச் சீருடை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண். அவளுக்குச் சொன்னது அவள் வீட்டுக்காரர். அவருக்குச் சொன்னது முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ.

“ஆளு யாருன்னு கேட்டீங்களா, அண்ணி?” என்றேன் போனில்.

“கேட்டேன். யாரோ ஒருத்தராம்.”

“எங்க நடந்துச்சாம்?”

“நாத்தனாரே, நான் தையல்காரியா, போலீஸா? வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டுத் தோள் அளவு எடுத்திட்டிருக்கேன். ‘ம்’னுதான் சொல்ல முடிஞ்சுது. நான் ம் போடப் போட அவளுக்கு உற்சாகம் வந்து, காலோட நிறுத்தாம இடுப்பு வரைக்கும் விளங்காமப் பண்ணிட்டா.”

நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

“உங்க அண்ணன் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டாரும்மா,” என்றார்.

அண்ணனுக்கு மாதம் ஒருமுறை இடுப்பில் ஊசி. அந்த ஊசி ஒழுங்காக உள்ளே போகிறவரைதான் அண்ணன் அண்ணனாக இருப்பார். படிப்பு முடிந்த கையோடு அவருக்குக் காதில் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். சுவர்கள் தன்னைப் பார்ப்பதாகச் சொன்னார். மாத்திரைகளைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிறகு துப்பினார். கடைசியில் ஒரு டாக்டர் எண்ணெயில் கலந்த மருந்தை எழுதிக் கொடுத்தார். சதைக்குள் போட்டால் அது அங்கேயே தங்கி, ஒரு மாதம் முழுக்கச் சிறுகச் சிறுக ரத்தத்தில் கசியும். அதன் பிறகு காதில் பேசியவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அண்ணனின் சுறுசுறுப்பையும் கொஞ்சம் கையோடு எடுத்துப் போனார்கள். உடம்பு பெருத்துவிட்டது. ஆனால் அவர் சாப்பிட்டார், தூங்கினார், என் பிறந்தநாளை நினைவு வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

நான் சொல்ல வந்தது அண்ணியைப் பற்றித்தான்.

பெண் பார்க்கும்போது அவரிடம் சொல்லப்பட்டது “பையனுக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி” என்பது மட்டும். வந்த பிறகுதான் முழுதும் தெரிந்தது. அதைப் பற்றி ஒரே ஒருமுறை என்னிடம் பேசியிருக்கிறார்.

“ஏமாத்திட்டாங்களேன்னு குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அழுது முடிச்சு மூஞ்சியைக் கழுவிட்டு வெளிய வந்தா, இந்த மனுஷன் கையில துண்டை வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. எவ்வளவு நேரமா நின்னாரோ. ஏன் அழுதேன்னு கேக்கல. துண்டை நீட்டினாரு. சரி, இதை வெச்சுக் குடும்பம் நடத்தலாம்னு தோணுச்சு.”

“துண்டை வெச்சா?”

“உங்க அண்ணனைச் சொன்னேன்டி.”

வீட்டின் முன்னறைதான் தையல்கடை. தெருவைப் பார்த்த கதவு, உள்ளே இரண்டு மிஷின், ஆளுயரக் கண்ணாடி, ஓரமாகத் தேய்ப்பு மேசை. அண்ணியின் வாய்க்குப் பயந்து வராமல் போனவர்களும் உண்டு, அந்த வாய்க்காகவே வருகிறவர்களும் உண்டு. போன வருஷ அளவில் தைக்கச் சொல்கிற பெண்களிடம், “துணி போன வருஷத்துதா, உடம்பு போன வருஷத்துதா?” என்று கேட்பார். தைத்தது இறுக்கிப் பிடிக்கும், தோள் இறங்கும், யாராவது முகத்தைச் சுளிப்பார்கள். உடனே, “பிரிச்சுத் தைச்சுக்கலாம், விடுங்க” என்பார். அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே ‘பிரிச்சுத்தையல்’ என்றாகிவிட்டது. பெயரை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அண்ணன் அந்தக் கடையில் காஜா எடுப்பார், பட்டன் தைப்பார், தேய்ப்பார். காஜா எடுப்பது என்றால் பட்டன் நுழைகிற ஓட்டையை வெட்டி, அதன் விளிம்பு பிரியாமல் சுற்றிலும் நூலால் கட்டுவது. மிஷினில் எடுத்துவிடலாம். அண்ணன் கையால் எடுப்பார். ஒரு சட்டையை முடிக்க அரைப் பொழுது ஆகும். அண்ணி அவசரப்படுத்த மாட்டார். “இந்தத் தெருவுல கைக்காஜா வேற எங்கயும் கிடையாதுங்க” என்று வாடிக்கையாளரிடம் பெருமையடிப்பார்.

கடையில் ஆட்கள் வந்து போவார்கள் என்பதால் ஊசி என்ற சொல்லை அண்ணி வாயில் வைப்பதில்லை. என்னிடம் பேசும்போதும், “இன்னைக்கு உங்க அண்ணனுக்குப் பட்டன் போடணும்,” “பட்டன் போட்டாச்சு, தூங்குறாரு,” இப்படித்தான். வந்திருக்கிறவர்கள் தைக்கிற வேலையைப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வருஷக்கணக்கில் அந்தப் பட்டனைப் போட்டது ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர். அண்ணன் அவருக்கு ‘இடி’ என்று பெயர் வைத்திருந்தார். திரும்பு என்பார், மூச்சை விடு என்பார், மூச்சை விடுவதற்குள் போட்டு முடித்திருப்பார். என்ன ஊசி, எவ்வளவு நீளம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை.

பிறகு இடியை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். அவர் போன கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலும் வழக்கம் மாறியது. மருந்தை மட்டும் கையில் கொடுத்து, சிரிஞ்சை வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள், வெளியிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். தெருக்கோடியில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். ஊசி போட வீட்டுக்கே வருவார். சிரிஞ்சு மட்டும் நாம் வாங்கி வைக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் முடிவெட்டும் கடையிலிருந்து அந்தக் கதை நடந்து வந்து அண்ணியின் தையல்கடைக்குள் நுழைந்தது.

“நீள ஊசின்னா நான் போட்டுக்க மாட்டேன்” என்று அண்ணன் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. தேய்த்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, காலைத் தடவிக்கொண்டே சொன்னாராம்.

“சின்னதா வாங்கியாறேன். நீங்க பயப்படாதீங்க,” என்றிருக்கிறார் அண்ணி.

அவர் மருந்துக்கடைக்குப் போன கதையை எனக்கு நடித்தே காட்டினார். போனைப் பாபின் டப்பா மேல் சாய்த்து வைத்திருந்ததால் முகம் பாதிதான் தெரிந்தது.

“சிரிஞ்சு குடுங்கன்னேன். எத்தனாம் நம்பர் ஊசிம்மான்னாரு. நம்பர்னதும் எனக்குத் தெம்பு வந்துடுச்சு. நம்ம தொழிலாச்சே. இருக்கறதிலயே கம்மி நம்பர் குடுங்கன்னேன். மிஷின் ஊசியில பதினொண்ணுன்னா நைஸ் துணிக்கு, பதினாறுன்னா சாதாரணம், இருபத்தொண்ணுன்னா கூடாரம் தைக்கிறது. உனக்கு எங்க தெரியும். அந்த மனுஷன் பதினெட்டுன்னு ஒண்ணை எடுத்து வெச்சாரு. ஊசியோட அடியில ரோஸ் கலர் பிளாஸ்டிக் மூக்கு. உறைக்குள்ள பார்த்தா கோணி ஊசி மாதிரி இருக்கு. ‘ஏங்க, நான் என்ன மாட்டுக்கா கேட்டேன்?’னேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘நீங்கதானே கம்மி நம்பர் கேட்டீங்க. இங்க நம்பர் ஏற ஏற ஊசி இளைக்கும்’னாரு. ‘எங்க கடையில நம்பர் ஏற ஏற ஊசி பெருக்கும், குடும்பஸ்தன் மாதிரி’ன்னேன். நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க.”

கடைக்காரர் உற்சாகமாகி, கண்ணாடி மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பியிருக்கிறார். பதினெட்டுக்கு ரோஸ், இருபத்தொன்றுக்குப் பச்சை, இருபத்திமூன்றுக்கு நீலம், இருபத்திநான்குக்குக் கத்தரிப்பூ நிறம், இருபத்தாறுக்குப் பழுப்பு. அண்ணி நூல்கண்டு தேர்ந்தெடுக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி, அப்போதுதான் தடம் விழாது. அவருக்குக் கை அறிந்த நியாயம் அது.

“யாருக்கும்மா?” என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர்.

“வீட்டுக்காரருக்கு.”

“என்ன மருந்து?”

பின்னால் ஆட்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி அண்ணியிடம் தைக்கக் கொடுக்கிறவள்.

“சத்து ஊசி,” என்றார் அண்ணி.

சத்து ஊசிக்குக் கத்தரிப்பூவே போதும் என்று எடுத்துக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். இருபத்திநாலாம் நம்பர், ஓர் அங்குல நீளம். அண்ணி அதைத் தன் கட்டைவிரலோடு வைத்து அளந்து பார்த்தார். விரலின் நுனிக்கணு அளவுகூட இல்லை. அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அண்ணனும் தன் கட்டைவிரலோடு வைத்துப் பார்த்துவிட்டு, “இது உள்ள போகட்டும்,” என்றார்.

கம்பவுண்டருக்குத்தான் பிடிக்கவில்லை.

“எண்ணெய் மருந்தாச்சேம்மா. நான் பச்சை மூக்குதான் போடுவேன். இதுல இறங்காதே.”

“மெதுவா இறக்குங்கய்யா. வண்டி ஏதாச்சும் கிளம்புதா?”

“நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது.”

“யாரு சொல்லப் போறா?”

அவரும் அதற்கு மேல் வாதாடவில்லை. வீடு வீடாகப் போய், கொடுத்ததைப் போட்டுவிட்டு வருகிறவர். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினார். மருந்து தேன் மாதிரி நகர்ந்தது. ஊசியும் குழலும் சேர்கிற இடத்தில் ஒரு சொட்டு பிதுங்கி வழிந்ததை அண்ணி லைனிங் துணித் துண்டால் துடைத்தார்.

“எப்பங்க போடுவீங்க?” என்று கேட்டாராம் அண்ணன்.

“போட்டாச்சே.”

“போட்டாச்சா?”

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டபோது அண்ணி குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “வலியே இல்லையாம்டி. இத்தனை வருஷம் அந்த இடிகிட்டக் குத்து வாங்கினதுக்கு, இப்பத்தான் ஒருத்தர் தடவிக் குடுத்த மாதிரி இருந்துச்சாம்.” அண்ணன் போனை வாங்கி, “பாப்பா, உங்க அண்ணி ஊசி செலக்ட் பண்ணினா,” என்றார். அவர் யாரையும் பாராட்டி வாக்கியம் முடித்து நான் கேட்டு நாளாகியிருந்தது.

அடுத்த மாதமும் கத்தரிப்பூ. அதற்கடுத்த மாதமும்.

முதலில் இடுப்பில் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவுக்கு என்றார் அண்ணி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன் என்றார். பிறகு தூக்கம் குறைந்தது. விடிகாலையில் எழுந்து முன்னறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றார். “வயசாகுதில்ல. எனக்கே தூக்கம் வர மாட்டேங்குது” என்று அவரே காரணமும் சொன்னார். என்னைப் போல வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்து வருகிற செய்தியெல்லாம் தேய்த்து மடித்துத்தான் வரும். மடிப்பைப் பார்த்து உள்ளே எவ்வளவு கசங்கல் என்று நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். நான் எதையும் பெரிதாகவே ஊகிக்கிறவள் என்பதால் என் ஊகத்தை நானே நம்புவதில்லை.

அப்புறம் ஒருநாள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“உங்க அண்ணன் ஒரு வேலை பண்ணிட்டாரு. வாத்தியார் சட்டை ஒண்ணு, காஜா எடுத்து மடிச்சு வெச்சிருந்தாரு. வாத்தியாரு வந்து போட்டுப் பார்க்கிறாரு, பட்டன் நுழையல. பார்த்தா காஜா அத்தனையும் மேலேர்ந்து கீழ வரைக்கும் மூடித் தைச்சிருக்கு. அவ்வளவு சன்னமான தையல். ஒட்டுப் போட்டதே தெரியாது.”

“ஏன் அண்ணி?”

சிரிப்பு நின்றது. “ஓட்டை வழியாப் பார்க்கிறாங்களாம்.”

“யாரு?”

“அதை அவரு சொல்லல. நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். வாத்தியாருகிட்ட, புது மாடல்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.”

டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டர் வாரத்தில் ஒருநாள்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். வராந்தாவில் அவருக்காகக் காத்திருக்கிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நடந்ததை அண்ணி அன்று மாலையே ஒப்பித்தார்.

“‘ஊசி விடாமப் போடறீங்களா?’ன்னாரு. ‘ஒரு மாசம் தவறல சார்’னேன். ‘ஊசியை மாத்தினீங்களா?’ன்னாரு. ‘இல்ல சார், அதே ஊசிதான்’னேன். ‘அப்ப டோஸைக் கூட்டணும்’னு எழுதிட்டாரு. கூட்டியாச்சு. இனிமே சரியாயிடும்.”

நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. மருந்து கூடினால் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். கூடுதல் மருந்து என்றால் கூடுதல் எண்ணெய். அதே கத்தரிப்பூ ஊசியில் அதை அழுத்த முடியாமல் கம்பவுண்டர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாராம். லைனிங் துணி நனைந்துவிட்டதாம்.

இங்கே நான் வேலை செய்கிற இடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுவார்கள். என் முறை வந்ததும் நர்ஸ் என் மேல்கையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். கையில் எடுத்திருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வேறொன்றைப் பிரித்தார். ஏன் என்று கேட்டேன். அது எனக்கு நீளம் என்றார். எனக்கு முன்னால் போனவர் பெரிய ஆளாம், அவருக்கு அந்த நீளம் தேவைப்பட்டது, இல்லாவிட்டால் மருந்து கொழுப்போடு நின்றுவிடும், சதைக்குப் போகாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் போட்டு முடித்துவிட்டார்.

பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நர்ஸ் என்னிடம் பேசிய மொழியில் குத்துகிற கம்பிக்கு ஒரு பெயர், மருந்தை அடைக்கிற குழலுக்கு ஒரு பெயர், உள்ளே போகிற மருந்துக்கு ஒரு பெயர், குத்துகிற செயலுக்கு ஒரு பெயர். நம்மிடம் எல்லாம் ஊசிதான். டாக்டர் ஊசியை மாற்றினீர்களா என்று கேட்டது மருந்தை. அண்ணி அதே ஊசிதான் என்று சொன்னதும் மருந்தை. கம்பி மாறியதை யாரும் கேட்கவில்லை, யாரும் மறைக்கவுமில்லை. அண்ணி தன் தொழிலில் இதுவரை யோசித்தே இராத ஒன்று ஆழம். துணிக்கு மேல்பக்கம் குத்தினால் ஊசி கீழ்ப்பக்கம் வந்துவிடும். அண்ணனின் உடம்பு அப்படியில்லை. அந்த மருந்தாலேயே பெருத்த இடுப்பில், ஓர் அங்குலம் போய் நின்ற இடம் வெறும் கொழுப்பு. மாதாமாதம் அங்கேதான் எண்ணெய் தேங்கியிருக்கிறது. வலிக்காமல் போனதற்கும் ஒருவேளை அதுதான் காரணமோ என்னவோ.

அண்ணியைக் கூப்பிட்டேன். எப்படிச் சொன்னால் அவர் மனம் நோகாது என்று யோசித்து யோசித்து, கடைசியில் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன்.

மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அப்ப இத்தனை நாளா உங்க அண்ணனுக்கு மருந்தே போகலைங்கிறியா?”

“போயிருக்கு அண்ணி. போக வேண்டிய இடத்துக்குச் சரியாப் போகல. கொஞ்சம் வெளியவும் வழிஞ்சிருக்கு.”

“நான்தான் துடைச்சேன்.”

“அண்ணி…”

“கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. எண்ணெய் மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு சோப்புப் போட்டுக் கழுவினேன்.”

‘பிரிச்சுத் தைச்சுக்கலாம், விடு’ என்று வழக்கம்போலச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

“எந்த நம்பர், எவ்வளவு நீளம், சொல்லு,” என்றார். குரல் கடைக்காரியின் குரலாகிவிட்டது. நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தேன்: இருபத்தொன்று, பச்சை மூக்கு, ஒன்றரை அங்குலம். அண்ணனின் பருமனுக்கு அதுகூட எட்டுமா என்று டாக்டரையோ ஆஸ்பத்திரி சிஸ்டரையோ கேட்க வேண்டும் என்றேன். டாக்டர் வர இன்னும் சில நாள் இருந்தது. ஆஸ்பத்திரி நம்பருக்கு நானே அடித்தேன். எடுத்தவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் கேட்டுவிட்டு, நோயாளியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வர நான் அங்கே இல்லை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அண்ணி மருந்துக்கடைக்காரரிடம் இந்தத் தடவை மருந்தின் பெயரைச் சொன்னார். பின்னால் யார் நின்றார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்குச் சொன்னார். கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு, “இதுக்காம்மா சத்து ஊசின்னீங்க?” என்றாராம்.

பச்சை மூக்கு வீட்டுக்கு வந்தது. அதை அண்ணனிடமிருந்து மறைத்து வைப்பதா, காட்டுவதா என்று எங்களுக்குள் வாதம்.

“திரும்பிப் படுத்திருக்கப் போறாரு. காட்டாமலே போட்டுடலாம்,” என்றேன்.

“காட்டாமப் போட்டா வலிக்கும். வலிச்சாத் திரும்பிப் பார்ப்பாரு. அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல என் கையால தண்ணி குடிக்க மாட்டாரு.”

காட்டினார். அண்ணன் கட்டைவிரலோடு வைத்து அளந்தார். நுனிக்கணு தோற்றுவிட்டது. தேய்ப்பு மேசைக்குப் பின்னால் போய், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது இன்று காலை. என்னுடைய காலை, அவர்களுடைய மத்தியானம்.

“உன்கிட்டப் பேசணுமாம்,” என்று அண்ணி போனைக் கொடுத்தார்.

“பாப்பா,” என்றார் அண்ணன். மெல்லிய குரல். போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசுவது தெரிந்தது. “உங்க அண்ணியை யாரோ மாத்திட்டாங்க.”

“இல்லண்ணே. அண்ணி அதே அண்ணிதான்.”

“இவ சின்ன ஊசி வாங்கித் தந்தவ. இப்ப நீள ஊசியோட நிக்கிறா. முகமெல்லாம் அதேதான். ஊசி மட்டும் மாறியிருக்கு.”

“நான்தாண்ணே மாத்தச் சொன்னேன்.”

அவர் ஏன் என்று கேட்பதற்குள் நானே சொன்னேன்.

“சின்ன ஊசியில மருந்து உள்ள போகலண்ணே. அதனாலதான் உங்களுக்குத் தூக்கம் வரல. இந்த ஒரு தடவை போட்டுக்குங்க. கால் ஒண்ணும் ஆகாது.”

“நீ எங்க இருக்க?”

“ஆபீஸ்லண்ணே.”

“இங்க வந்து பக்கத்துல நில்லு. நீ நின்னா நான் போட்டுக்கறேன்.”

எத்தனை மணி நேரப் பயணம் என்று அவருக்குத் தெரியும். விமான நிலையத்தில் எனக்குக் கையசைத்து அனுப்பியவரே அவர்தான். “வரேண்ணே” என்று சொல்ல வாய் வரவில்லை. வர முடியாது என்று சொல்லவும் வரவில்லை. “போன்லயே இருக்கேண்ணே, போட்டு முடிக்கிற வரைக்கும் வெக்க மாட்டேன்,” என்றேன்.

“போன்ல நின்னா அது நிக்கிறதா?” என்றார். கேலி பண்ணுகிற மாதிரிதான் கேட்டார், பழைய அண்ணன் மாதிரி. அந்த ஒரு விநாடி எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்தப் பக்கம் கதவு தட்டப்பட்டது. கம்பவுண்டரின் குரல், “போடலாமாம்மா? இன்னும் ரெண்டு வீடு போகணும்,” என்றது. அண்ணன் எதையோ சொன்னார், புரியவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போன் கைமாறியது.

“நீ வெச்சிடும்மா,” என்றார் அண்ணி. “உன் குரல் கேக்கக் கேக்க உங்க அண்ணன் போனையே பார்க்கிறாரு. போட்டதும் நானே கூப்பிடறேன்.”

“வெக்க மாட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன், அண்ணி.”

“நான் பார்த்துக்கறேன். வெச்சிடு.”

வைத்தேன்.

ஊசி போடக் கொஞ்ச நேரம் போதும். படுக்க, துடைக்க, போட, பஞ்சு அழுத்த. அவர் அழுதால் சமாதானம் செய்ய இன்னும் கொஞ்சம். கம்பவுண்டருக்குக் கை கழுவத் தண்ணீர் கொடுக்க இன்னும் கொஞ்சம். இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி, நியாயமான நேரம் என்று எதைச் சொல்ல முடியுமோ அதையெல்லாம் தாண்டியாகிவிட்டது. அண்ணி சொன்னதை மறக்கிறவர் இல்லை.

ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு நானே அடித்தேன். மணி போய், போய், நின்றது. ஒருவேளை அண்ணனைப் பிடித்துக்கொள்ள அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டிருக்கும். ஒருவேளை எல்லாம் நல்லபடி முடிந்து, கடைக்கு யாரோ வந்து அளவு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவேளை அண்ணன் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கியிருப்பார், அண்ணி பின்னால் ஓடியிருப்பார், போன் யாருமில்லாத முன்னறையில் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்.

கம்பவுண்டர் நம்பர் என்னிடம் இல்லை. இத்தனை மாதத்தில் கேட்டு வாங்கத் தோன்றவில்லை.

மறுபடி அடிக்கிறேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.